வாசிப்பரங்கை வாசலில் நிறுத்துவதா?

மதுரை மாநகரில் வாலிபர் சிலரும், பள்ளி ஆசிரியைகள் இருவரும், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் கூடிச் சிறியதொரு நாடகக் குழுவை அமைத்துள்ளனர். திங்களுக்கு ஒரு மாலையாக ஐந்து மாலைகள் நாடக வாசிப்பு நடத்துவது அவர்கள் எண்ணம். வேடமில்லை, திரையில்லை, மேடைச் சோடனை இல்லை. நான்கைந்து பேர் நாற்காலிகளில் அமர்ந்து, கையில் ஏட்டை வைத்துக்கொண்டு, பாத்திரத்துக்கு ஒருவராகக் குரல் கொடுத்துப் படிப்பர். வந்திருப்போர் கேட்பர். படித்து முடித்தபின் ஐயங்கள் எழும், விளக்கங்கள் வரும். இவ்வளவே செய்தி.

இதற்கு இடம் கேட்டு நம்மவர் மண்டபம் ஒன்றை அவர்கள் அணுகினர். "நாடகமா? அது நமக்கு ஆகாது" என்ற ஒரே சொல்லில் கதவு சாத்தப்பட்டது. என்ன நூலைப் படிக்கப் போகிறீர்கள் என்று கேட்பாரும் அங்கு இல்லை. அதே மண்டபத்தில் அதற்கு முந்திய வாரம் நடந்த திருமணத்தில் திரைப்பாட்டு நள்ளிரவு வரை முழங்கியது. அதை எவரும் தடுக்கவில்லை. எந்த மண்டபம், எந்த நிருவாகி என்று சுட்டுவது நம் நோக்கமன்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் எண்ணம் ஒரு மண்டபத்தோடு நிற்பதில்லை. நம் சமுதாயத்தில் பரவலாக வேரூன்றியிருக்கிறது. அதனோடுதான் நமக்கு வழக்கு.

நாம் சொல்ல வருவது இதுதான்: சபை நடுவே நூலைக் குரலெடுத்துப் படிப்பதும், கூடியிருந்து கேட்பதும், கேட்டபின் வினவுவதும் நமக்குப் புதியன அல்ல. தமிழில் நம் இலக்கியம் பிறந்ததும் வளர்ந்ததும் அப்படித்தான். அந்த வழக்கத்தைக் கைவிட்டவர்கள் நாம். அதை மீட்டுத் தர வருகின்ற பிள்ளைகளை வாசலில் நிறுத்துவது, நம் பாட்டனாரையே வாசலில் நிறுத்துவதாகும்.

இன்று நமக்குக் கிடைத்திருக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் முழுமையான முதல் நூல் எது? வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா. அது அரங்கேறிய ஊர் எது? இந்த மதுரை. ஆண்டு 1572. நாயக்கர் ஆட்சியில் இருந்த மதுரையில், தமிழ் வல்லோர் முன்னிலையில், நம் மார்க்கச் செய்திகளைப் பாடிய நூல் படிக்கப்பட்டுச் சபையின் ஏற்பைப் பெற்றது. அரங்கேற்றம் என்பது என்ன? புலவர் சபையிலே பாட்டைப் படிப்பார், பொருள் சொல்வார், அவையோர் தடை எழுப்புவர், அவர் விடை கூறுவார். அச்சுப்பொறி வராத காலத்தில் நூல் ஒன்று உலகத்துக்கு அறிமுகமான வழி அதுவே. அதற்கு 'வாசிப்பரங்கு' என்று இன்றைக்குப் பெயர் வைத்தால் மட்டும் அது நமக்கு ஆகாததாகி விடுமா?

அந்நூலின் அமைப்பையும் பாருங்கள். மதீனத்து யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு சலாம் (ரலி) அவர்கள் வினாக்களை அடுக்குகிறார்கள்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கிறார்கள்; தெளிவு பெற்றவர் இசுலாத்தைத் தழுவுகிறார். மசலா என்னும் சொல்லுக்கே வினா, கேள்வி என்பதுதான் பொருள். நம் முதல் நூலே உரையாடலாக எழுந்த நூல். ஒருவர் தனியே மூலையில் அமர்ந்து மௌனமாய்ப் படித்து மூடி வைப்பதற்காகவா அது எழுதப்பட்டது?

மிகுராசு மாலையின் வரலாறு இதனினும் கூர்மையாக நம்மைத் தைக்கிறது. ஆலிப்புலவர் பாடிய அந்நூல் 1590இல் கோட்டாற்றில் அரங்கேறியது. அரங்கேற்றத்துக்கு நம்மவரிடையே போதிய ஆதரவு கிட்டாமல் புலவர் வருந்தி நின்றபோது, நெசவாளர் தலைவரான பாவாடைச் செட்டியார் முன்வந்து அதை நடத்தி வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விண்ணேற்றத்தைப் பாடிய நூலுக்குச் சபை கூட்டித் தர ஒரு செட்டியார் வேண்டியிருந்தது! அந்தப் பெருமகனை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பிள்ளைகள் பிறர் வாசலில் போய் இடம் கேட்கும் நிலைதான் நீடிக்க வேண்டுமா?

சீறாப்புராணத்துக்கு வருவோம். வள்ளல் சீதக்காதி ஊக்க, அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரக்க, உமறுப்புலவர் பாடிய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட காப்பியம் அது. பாடப்பட்டது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அதை அச்சேற்றியது 1842இல். இடையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு. அத்தனை காலமும் அந்தக் காப்பியத்தைக் காத்தது எது? ஓலையும் நாவும். ஓலை ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்திருக்கும். நாவோ தெருவுக்குத் தெரு இருந்தது. ஒருவர் இராகத்தோடு பாட்டைப் படிப்பார். மற்றொருவர் பொருள் விரிப்பார். எழுத்தறியாதோரும் கேட்டுக் கேட்டே படலம் படலமாக மனத்தில் ஏற்றிக்கொண்டனர். நூல் அவர்கள் வீட்டு அலமாரியில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

இன்று நிலை என்ன? நம்மில் பல வீடுகளில் சீறாப்புராணம் அழகிய கட்டமைப்போடு கண்ணாடி அலமாரியில் வீற்றிருக்கிறது. அதை எடுத்துப் பிசிறின்றி ஒரு பாட்டைச் சந்தம் கெடாமல் படிக்க வல்லவர் அவ்வீட்டில் எத்தனை பேர்? நம் பாட்டியர் அரபுத்தமிழ் எழுத்தில் அச்சான மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் மடியில் விரித்து வைத்து, அந்திக்குப் பின் குரலெடுத்துப் படித்ததை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். இசா பாங்கு ஒலிக்கும்வரை அந்தக் குரல் ஓயாது. அண்டை வீட்டுப் பெண்களும் வந்து அமர்வர். இன்று அதே ஏட்டைப் பேத்தியின் கையில் கொடுத்தால் எழுத்தைப் பார்த்துத் திகைக்கிறாள். தவறு அவளுடையதன்று. அவளுக்குப் படித்துக் காட்ட மறந்த நம்முடையது.

இனி, எழுப்பப்படும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் தடை, நாடகம் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பது. மார்க்க விஷயத்தில் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவதில் எவருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது. அக்குழுவினரும் அதற்கு ஆயத்தமாகவே உள்ளனர். ஆனால் எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்க வேண்டும். நபிமார்களையும் சஹாபாப் பெருமக்களையும் வேடம் புனைந்து காட்டுவது நம் உள்ளம் ஏற்காத செயல். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. வாசிப்பரங்கில் வேடமே இல்லையே! குழுவினர் முதல் மாலைக்கு எடுத்திருப்பது சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனுக்கு ஒரு குரல். பிணைமானுக்கு ஒரு குரல். நாயகம் (ஸல்) அவர்களின் சொற்கள் வரும் இடங்களை எந்தக் குரலும் ஏற்பதில்லை. நூலைப் படித்து வருபவர் புலவரின் கூற்றாகவே அவற்றைப் படித்துச் செல்வார். நம் முன்னோர் திண்ணையில் படித்தபோது நடந்ததும் இதுவே.

வெளியுலகிலும் இந்தக் கவனம் நமக்கு முன்பே காட்டப்பட்டிருக்கிறது. முஸ்தபா அக்காது எடுத்து 1976இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்னும் திரைப்படத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் காட்டப்படவில்லை, குரலும் கேட்கப்படவில்லை. ஈரானில் கர்பலா நிகழ்ச்சியை நடித்துக் காட்டும் தஃஸியா என்னும் மரபு உண்டு. அது ஷியாக்களின் வழக்கம், நம் வழக்கமன்று. எனினும் அதில் ஒரு நுட்பம் நம் கருத்துக்குரியது. நடிப்போர் தம் பாடத்தை எழுதிய தாளைக் கையிலேயே வைத்திருப்பர். 'நான் அவர் அல்லன். அவருடைய சொல்லைப் படிப்பவன் மட்டுமே' என்பதற்கு அந்தத் தாள் சான்று. கையில் இருக்கும் ஏடு மரியாதையின் அடையாளமாக நிற்கிறது. வாசிப்பரங்கில் இருப்பதும் அதே ஏடுதான்.

இரண்டாம் தடையை எழுப்புவோர் இளைஞர்கள். 'வெறுமனே உட்கார்ந்து படிப்பதை யார் வந்து கேட்பார்? வண்ணமும் ஒளியும் இல்லாமல் இக்காலத்தில் எது எடுபடும்?' என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு மதுரையின் நாடக வரலாற்றையே விடையாகச் சொல்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918இல் தொடங்கியது இந்நகரில்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்ற பள்ளி அது. அந்த மரபில் வந்த ஸ்பெஷல் நாடகங்களுக்கு மதுரையிலிருந்து நடிகர்கள் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு இரவோடு இரவாகச் சென்று வந்தனர். ஒருவரையொருவர் முன்னறியாத நடிகர்கள், ஒத்திகை எதுவுமின்றி மேடையில் சந்தித்து, விடியும்வரை மக்களைக் கட்டிப்போட்டனர். எதன் வலிமையால்? மனப்பாடமான பாட்டின் வலிமையால், குரலின் வலிமையால். பின்னர் 1978இல் மு. இராமசுவாமி முதலியோர் இதே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கியபோது, பெரிய அரங்கும் படாடோபமும் இன்றித் தெருவிலும் திடலிலும் நாடகம் நிகழ முடியும் என்று காட்டினர். மதுரை மண்ணுக்கு எளிய நாடகம் புதிதன்று.

வானொலியை மறந்துவிட்டோமா? இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை கடல் கடந்து நம் வீடுகளில் ஒலித்த காலத்தில், அதன் நிகழ்ச்சிகளுக்காக அடுப்பங்கரை வேலையை முன்கூட்டியே முடித்துக் காத்திருந்த தாய்மார்கள் எத்தனை பேர்! வானொலி நாடகம் என்பது ஒலிவாங்கியின் முன் நின்று தாளைப் பார்த்துப் படிப்பதுதான். கண்ணுக்கு ஒன்றும் காட்டாமலே அது நம்மை அழவும் சிரிக்கவும் வைத்தது. காதால் கேட்டுக் கருத்தால் காணும் ஆற்றல் நம்மிடம் இருந்தது. பயன்படுத்தாததால் துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவே.

எகிப்து நாட்டின் பேரெழுத்தாளர் தவ்பீக் அல்ஹகீம் (1898–1987) திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயம் கூறும் குகைவாசிகளின் வரலாற்றை அடியொற்றி 1933இல் நாடகம் ஒன்று எழுதினார். 1935இல் கெய்ரோவில் தேசிய நாடகக் குழு தன் முதல் நாடகமாக அதையே மேடையேற்றியது. தம் நாடகங்கள் பலவற்றை மேடைக்கென்று எழுதாமல், படிப்போர் சிந்தையிலே நிகழும் நாடகங்களாகவே அவர் கருதினார். அரபு மொழி அறிந்த உலகம் அவரைப் போற்றுகிறது. அதைத் தமிழாக்கி ஐந்தாம் மாலையில் படிக்க அக்குழு எண்ணியிருக்கிறது. இதைத்தான் 'ஆகாது' என்ற ஒரு சொல்லால் அடைக்கிறோம்.

மூன்றாம் தடை, பெண்பிள்ளைகள் சபையில் படிக்கலாமா என்பது. வீட்டிலும் வகுப்பிலும் வாய்திறந்து படிக்கும் பெண், தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் அமர்ந்திருக்கும் குடும்பச் சபையில் கண்ணியத்தோடு அமர்ந்து ஒரு நூலைப் படிப்பதில் என்ன குற்றம் கண்டோம்? நம் முன்னோர் விரும்பிப் படித்த வெள்ளாட்டி மசலாவின் தலைவி யார்? ஓர் அடிமைப்பெண். அரசவையிலே அறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் அஞ்சாமல் விடை தந்து அவர்களை வாயடைக்கச் செய்தவள். அந்தக் கதையை நம் பாட்டனார் வீட்டில் வைத்துப் போற்றினர்; பாட்டியார் படித்து மகிழ்ந்தனர். நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்னும் நவீனத்தை எழுதி 1938இல் வெளியிட்டபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர். கதையில் வரும் பெண்ணின் அறிவைப் பாராட்டுவோம். எழுதிய பெண்ணின் பெயரையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நம் வீட்டுப் பெண் படிக்க வந்தால் மட்டும் முகம் சுளிப்போம் என்றால் இது என்ன நியாயம்?

நான்காம் தடை பணத்தைப் பற்றியது. 'கல்விக்கும் மருத்துவத்துக்கும் போதாத பணத்தைக் கூத்துக்குக் கொட்டுவதா?' என்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் செலவுக் கணக்கை விரித்துப் பாருங்கள். பத்துப் படிகள் எடுக்கும் தாள் செலவு, ஒரு மாலைக்கு விளக்கும் விசிறியும் எரியும் மின்கட்டணம், வந்தோர்க்குத் தேநீர். திருமண அழைப்பிதழுக்கு நாம் செலவிடும் தொகையில் இந்த ஐந்து மாலைகளும் நடந்து மிச்சமும் இருக்கும். கல்வியைக் காரணம் காட்டுவோரிடம் ஒன்று கேட்கிறோம்: பிள்ளைக்குத் தன் மொழியின் பெருநூலைப் பிழையின்றிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது கல்வியில் சேராதா?

எதிர்ப்போர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. நாடகம் என்ற பெயரால் ஆபாசம் அரங்கேறியதுண்டு. பெரியோர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. சீறாவின் நடை இன்றைய செவிக்குக் கடினம் என்பதும் மெய்யே. பாட்டை மட்டும் படித்துக்கொண்டே போனால் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே பழைய முறைப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் பின் எளிய தமிழில் பொருள் சொல்லிச் செல்ல வேண்டும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சீறாவுக்கு உரை வகுத்தது எதற்காக? கேட்போர்க்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே அன்றோ! குழுவினர் புதியவர்கள். சொல் தடுமாறும், சந்தம் சறுக்கும். தெரிந்த பெரியவர்கள் அருகிலிருந்து திருத்தாமல் ஒதுங்கி நின்றால் அந்தப் பிழைகள் எப்படித் தீரும்?

எதை இழக்க நிற்கிறோம் என்பதற்கு மற்றொரு சான்று நம் காலடியிலேயே கிடக்கிறது. மதுரையை ஆண்டு, ஆங்கிலேயரையும் நவாபையும் எதிர்த்து நின்று, முற்றுகையில் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார் கான்சாகிபு எனப்படும் யூசுப்கான். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெருவே அவர் பெயரைச் சுமக்கிறது. அவருடைய வீழ்ச்சியை நாட்டுப்புறப் பாடகர்கள் கதைப்பாடலாகப் பாடி வந்தனர். அதைத் தேடியெடுத்துப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை, வெளியிட்டது மதுரைப் பல்கலைக்கழகம். அந்தத் தெருவில் நாள்தோறும் நடப்பவர்களுள் அந்தக் கதைப்பாடலைக் கேட்டவர் எத்தனை பேர்? பாடுவோர் மறைந்தனர், பாட்டு நூலகத்தில் உறங்குகிறது. நான்காம் மாலையில் அதை உரக்கப் படிக்கப் போகிறார்கள் நம் பிள்ளைகள். மதுரையின் வரலாற்றை மதுரையிலேயே படிக்க இடம் கேட்கிறார்கள்.

நூல் அச்சில் இருக்கிறதே, அது அழியாது என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டா. படிக்கத் தெரிந்த நாக்கு அழிந்தபின் தாள் மட்டும் இருந்து என்ன பயன்? சந்தமறிந்து சீறாவைப் படிக்க வல்ல முதியவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் உள்ளனர். மேலூரிலும் இருக்கலாம், கீழக்கரையிலும் இருக்கலாம், நம் தெருவிலேயே மறக்கப்பட்டுக் கிடக்கலாம். அவர்கள் கண்மூடுமுன் அவர்களை நடுவே அமர்த்தி, இளையோரைச் சுற்றிலும் அமர்த்தி, படிக்கச் சொல்லிக் கேட்டுப் பழக வேண்டும். அதற்கு ஒரு கூடம் வேண்டும். ஒரு மாலை வேண்டும். இந்தத் தலைமுறை அதைச் செய்யாவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் செய்ய வழியே இராது.

ஆகவே மண்டப நிருவாகிகளுக்கும் ஜமாஅத்துப் பெரியோர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. ஐந்து மாலைகளும் வேண்டா. முதல் மாலைக்கு மட்டும் இடம் தாருங்கள். படிக்கப்போகும் ஏட்டை முன்னதாக வாங்கி வரிவரியாகப் பாருங்கள். ஆலிம் ஒருவரை அமர்த்தித் தணிக்கை செய்யுங்கள். குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். வேடனும் மானும் பேசும் அந்தப் படலத்தில் மார்க்கத்துக்கு மாறான ஒரு சொல் வந்தால் அங்கேயே எழுந்து தடை சொல்லுங்கள். நம் அரங்கேற்ற மரபில் அவையோர்க்கு அந்த உரிமை என்றும் உண்டு. கேட்டபின்னும் ஆகாது என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். இதே பக்கங்களில் விடை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கேளாமலே கதவடைப்பது மட்டும் வேண்டா.